காலையில் கால், மாலையில் மூக்கு: கத்திரி வெயிலில் எங்கள் மிளகு

வணக்கம் நண்பர்களே. இப்போது விடியற்காலை 4:40. வேலூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நிற்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் மிளகு. கறுப்பு லாப்ரடார், நான்கு வயது, 31 கிலோ. கத்திரி தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. "இந்த வெயிலில் நாயை எப்போது நடக்கக் கூட்டிப் போகிறீர்கள்?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். இந்த நேரத்தில்தான். கோடை முடியும் வரை மாலை நடையை நான் விட்டுவிட்டேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

போன வருடம் இதே மே மாதம். மாலை ஐந்தே முக்கால் இருக்கும். வெயில் இறங்கிவிட்டது, லேசாகக் காற்றும் அடித்தது. சரி, இனிப் பயமில்லை என்று மிளகைத் தெருமுனை மைதானத்துக்குக் கூட்டிப் போய்ப் பந்து எறிந்தேன். லாப்ரடார் வளர்ப்பவர்களுக்குத் தெரியும், பந்து வந்துகொண்டிருக்கும் வரை அவை ஓடிக்கொண்டேதான் இருக்கும். உடம்பு போதும் என்றாலும் நிற்காது. இருபது நிமிடத்தில் படுத்துவிட்டாள். நாக்கு அகலமாகத் தொங்கியது, ஈறு அடர் சிவப்பாக இருந்தது, எச்சில் நூல் நூலாக இழுத்தது. எழுப்பினால் பின்னங்கால் தள்ளாடியது.

பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து, என்னைக் கேட்காமலே அவள் வயிற்றில் ஊற்றினார். நானும் குழாயடிக்கு ஓடினேன். அக்குள், தொடையிடுக்கு, பாதம் எல்லாம் நனைத்து, அட்டையால் விசிறிக்கொண்டே ஆட்டோவில் ஏற்றினோம். டாக்டர் பார்த்தபோதும் காய்ச்சல்மானி 105.8 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. நாய்க்கு இயல்பான சூடு 101-லிருந்து 102.5 வரை. "குளிர வைத்துக்கொண்டே வந்தீர்கள், அதனால் பிழைத்தாள்" என்றார் அவர். அந்தப் பாட்டியை நான் மறக்கவே மாட்டேன்.

சூரியன் இறங்கிய பிறகு ஏன் இப்படி ஆனது? எங்கள் ஊரை 'மரமில்லா மலை, நீரில்லா ஆறு' என்று சொல்வார்கள். சுற்றிலும் பாறை. பகலெல்லாம் குடித்த சூட்டைப் பாறையும் தார் ரோடும் சிமெண்ட் தரையும் மாலையில்தான் திருப்பிக் கக்குகின்றன. நம் முகத்துக்குக் காற்று வரும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் நடக்கும் நாய்க்கு அடுப்பு மேல் நடப்பது போலத்தான். அவற்றுக்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். நாக்கை நீட்டி இரைத்து, அந்த ஈரம் காற்றில் உலர்வதால்தான் சூடு தணிகிறது. சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் புழுக்கத்தில் ஈரம் சீக்கிரம் உலராது. அங்கே 36 டிகிரி செல்சியஸே நாய்க்குப் பெரிய தொல்லை.

அதனால் நான் கடிகாரத்தை நம்புவதில்லை, தரையைத்தான் நம்புகிறேன். புறங்கையை ரோட்டில் வைத்து 7 எண்ணுங்கள். வைத்திருக்க முடியவில்லை என்றால் அன்றைக்கு நடை கிடையாது. இதோ, இப்போது வைக்கிறேன்... மாடித் தரையே இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. தெருவில் மண் ஓரமாகப் போனால் பரவாயில்லை. அரை மணி நேரம், ஓட்டம் இல்லாமல், அவள் இஷ்டத்துக்கு மோந்துகொண்டு வரட்டும். ஐந்தரைக்குள் வீடு.

"அது போதுமா, மாலையில் வீட்டையே புரட்டிப் போடாதா?" என்று கேட்பீர்கள். போதாதுதான். அதனால் மாலையில் காலுக்குப் பதில் மூக்குக்கு வேலை கொடுக்கிறேன். அப்பாவின் பழைய வேட்டியை விரித்து, வேகவைத்த கோழித் துண்டுகளை மடிப்புக்கு ஒன்றாக வைத்துச் சுருட்டி முடிச்சுப் போட்டுவிடுவேன். மிளகு அதை அவிழ்த்து முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். இல்லையென்றால் மின்விசிறி ஓடும் அறையில் கேரட் துண்டுகளை ஆறு இடத்தில் ஒளித்து வைப்பேன். முடிந்ததும் வயிற்றைத் தரையில் ஒட்டிக்கொண்டு தூங்கிவிடுவாள். பந்தாட்டத்துக்குப் பிறகு கூட இவ்வளவு நிம்மதியாகத் தூங்கி நான் பார்த்ததில்லை.

மதியத்துக்கு உப்புப் போடாத நீர் மோரை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி உறைய வைத்துத் தட்டில் கவிழ்த்துவிடுகிறேன், அவள் நக்கிக்கொண்டிருப்பாள். விதை எடுத்த தர்பூசணி கொடுக்கலாம். திராட்சை மட்டும், உலர்ந்ததோ பச்சையோ, ஒன்று கூடக் கொடுக்காதீர்கள். சிறுநீரகம் கெட்டுவிடும். தண்ணீர், ஒரு கிலோ எடைக்கு 50, 60 மில்லி என்பது சாதாரண நாள் கணக்கு. இப்போது இன்னும் கூடுதலாகக் குடிப்பாள், அதனால் வீட்டில் மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன்.

அப்புறம், ஈரத் துண்டை முதுகில் போர்த்தி விட்டுவிடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் அதுவே சூடாகிச் சூட்டை உள்ளே பிடித்து வைக்கும். நனைத்து, காற்றுப் பட விடுங்கள். லாப்ரடார் மாதிரி இரட்டை அடுக்கு முடி உள்ள நாயை மொட்டையடிக்கவும் வேண்டாம், சீவி உதிர்ந்த முடியை எடுத்தாலே போதும். பூட்டிய காரில் ஐந்து நிமிடம் கூட விடாதீர்கள்.

பக் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்தச் சப்பை மூக்கில் இரைப்பதே கஷ்டம். சிப்பிப்பாறை, கன்னி வைத்திருப்பவர்கள் "நம்ம ஊர் நாய், தாங்கும்" என்கிறார்கள். மெலிந்த உடம்பு, குட்டை முடி, ஓரளவு தாங்கும்தான். ஆனால் பாதம் எல்லா நாய்க்கும் ஒன்றுதான், கொப்புளித்துவிடும். ஹஸ்கி வாங்கலாமா என்று எங்கள் மாவட்டத்திலிருந்தே ஒரு தம்பி கேட்டிருந்தார். வேண்டாம் தம்பி. பனிக்காக வளர்ந்த முடியை வைத்துக்கொண்டு அது இங்கே மே மாதத்தைக் கழிக்க வேண்டுமா?

தெரு நாய்களுக்கு வாசலில் நிழலாகப் பார்த்து ஒரு சிமெண்ட் தொட்டி வையுங்கள். கொசுப்புழு வராமல் தினமும் கொட்டிக் கழுவி நிரப்ப வேண்டும். காரை எடுக்கும் முன் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டி, அடியில் குனிந்து பாருங்கள். மதியத்தில் அவற்றுக்குக் கிடைக்கும் நிழல் பெரும்பாலும் அதுதான்.

மணி ஐந்தாகப் போகிறது. மிளகு கயிற்றைக் கவ்விக்கொண்டு படிக்கட்டில் நிற்கிறாள். கேமராவை அணைக்கிறேன், போய்விட்டு வருகிறோம்.