முதலில் எழுதுபவர் பக்கம்

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

திருப்பூர், பல்லடம் பக்கம் பின்னலாடைக் கம்பெனி நடத்துபவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: இரண்டு புராசசர் கொண்ட சர்வர் வாங்கினோம், வேகம் மட்டும் ஏன் இரட்டிப்பாகவில்லை? விற்றவரை நான்கு வார்த்தை திட்டிவிட்டுத்தான் கேட்பார்கள்.

முன்பெல்லாம் சாதாரண சர்வர்களில் எல்லாப் புராசசர்களும் ஒரே பாதையில் போய் ஒரே நினைவகத்தைத் தொட்டன. 2003-ல் ஏஎம்டியின் ஆப்டரானும், 2008-ல் இன்டெல்லின் நெஹேலமும் நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியைப் புராசசருக்குள்ளேயே கொண்டுவந்தன. அதனால் ஒவ்வொன்றுக்கும் சொந்த நினைவகம் அமைந்தது. மற்றதன் நினைவகமும் எட்டும், நேரம்தான் கூடும். இரண்டு ஷெட், ஷெட்டுக்கு ஒரு நூல் குடோன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குடோனிலிருந்து கோன் வந்து சேரும்வரை இந்த ஷெட்டில் நிட்டிங் மெஷின் சும்மா நிற்கும்.

சரி, எந்தப் பக்கத்து நினைவகம் கிடைக்கும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். புரோகிராம் 10 ஜிபி கேட்டால், சர்வரை இயக்கும் லினக்ஸ் மென்பொருள் உடனே தலையாட்டிவிடும். கையில் ஒன்றும் கொடுக்காது. நினைவகத்தை அது 4 கேபி அளவுள்ள துண்டுகளாக, அதாவது ‘பேஜ்’களாக, பிரித்து வைத்திருக்கும். ஒவ்வொரு பேஜிலும் முதன்முதலில் எழுதும்போதுதான் உண்மையான இடம் ஒதுக்கப்படும். எழுதும் திரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைச்சரடு) அப்போது எந்தப் புராசசரில் ஓடுகிறதோ, இடம் இருந்தால் அதன் நினைவகத்திலேயே.

நம் மாணவர்கள் எழுதும் புரோகிராம்களில் தொடக்கத்தில் ஒரே திரெட், தரவு வைக்கும் வரிசை (array) முழுவதையும் பூஜ்யத்தால் நிரப்பும். அவ்வளவுதான், தரவு முழுவதும் ஒரே புராசசரின் பக்கம் குவிந்துவிடும். பிறகு 32 திரெட் ஓட்டினாலும் எல்லாம் அந்த ஒரு பக்கத்திலேயே முட்டி மோதும். தூரத்தைவிட இந்த நெரிசல்தான் பெரும்பாலும் அதிகம் படுத்தும். பின்னால் கணக்குப் போடப்போகும் திரெட்டுகளே தத்தம் பகுதியை முதலில் நிரப்பட்டும்.

டேட்டாபேஸ் கதை வேறு. ஒரு புராசசரின் நினைவகம் நிரம்பி, தரவை வட்டுக்குத் தள்ளத் தொடங்கியிருக்கும், மற்றதன் நினைவகம் காலியாகக் கிடக்கும். அங்கே பேஜ்களை இருபுறமும் மாற்றி மாற்றிப் பரப்புவதே நல்லது, மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 5.7 பதிப்பிலேயே அதற்கு அமைப்பு உண்டு. பேஜ்களைத் தானே இடம் மாற்றும் வசதியும் லினக்ஸில் இருக்கிறது. நாள் முழுக்க ஒரே சீராக ஓடும் வேலைக்கு நான் அதை நம்புவதில்லை; அந்த இடமாற்றத்துக்கே ஒரு செலவு உண்டு.

கூடுதல் நினைவகம் வாங்கும் முன் சர்வரைத் திறந்து பாருங்கள். சில இடங்களில் ரேம் பட்டைகள் அத்தனையும் ஒரே புராசசரின் பக்கத்தில் செருகப்பட்டிருக்கும். பாதியை மறுபக்கத்துக்கு மாற்ற ஒரு ரூபாயும் ஆகாது.