புளோரன்ஸுக்குக் காரில் போகலாமா?

நேயர்களுக்கு வணக்கம். "மே மாசம் குடும்பத்தோட இத்தாலி போறோம். கார் எடுக்கலாமா, ரயிலே போதுமா?" என்று மாதம் ஒருவராவது எனக்குப் போன் செய்கிறார். ரோம், புளோரன்ஸ், வெனிஸ் என மூன்று ஊர், எட்டு நாள், நான்கு பேர். பெரும்பாலும் இதே கணக்குதான். இந்த மூன்று ஊருக்கும் நான் காரிலும் போயிருக்கிறேன், ரயிலிலும் போயிருக்கிறேன். ஊர் விட்டு ஊர் போக ரயில், கிராமப்புறம் சுற்றக் கார். இதுதான் என் கட்சி. இதை இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார் எடுக்கும் ஆசை ஏன் வருகிறது? பெட்டி தூக்க வேண்டாம், நினைத்த இடத்தில் நிறுத்தலாம், நான்கு பேருக்கும் ஒரே வாடகை. நியாயமான எண்ணம்தான். நாம் இங்கே கும்பகோணம், தஞ்சாவூர் என்று கோயில் பார்க்கக் கிளம்பினால் காரைத்தானே பிடிக்கிறோம்? சன்னதித் தெருவில் இறங்கிக்கொள்கிறோம். டிரைவர் எங்கேயோ நிழல் பார்த்து வண்டியைப் போட்டுவிட்டு, போன் செய்தவுடன் வந்து நிற்பார். அந்த டிரைவர் அங்கே கிடையாது. கார் பயணம் சுகம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி அவர் தந்த சுகம். அங்கே ஓட்டுவதும் நாம்தான், இடம் தேடுவதும் நாம்தான், நிறுத்திய இடத்தை ராத்திரி நினைத்துக் கவலைப்படுவதும் நாம்தான்.

2018-ல் நாங்கள் நான்கு பேர் போனோம். நானும் மனைவியும், என் மைத்துனரும் அவர் மனைவியும். ரோம் விமான நிலையத்திலேயே கார் எடுத்தோம். மைத்துனர் நல்ல டிரைவர். வலதுபக்கம் ஓட்டுவதற்கு ஒரு மணி நேரத்தில் பழகிவிட்டார். நெடுஞ்சாலையில் ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்குப் புளோரன்ஸ் வந்துவிட்டோம். விடுதி பழைய நகரத்துக்குள் இருந்தது. போன் சொன்ன வழியில் போனோம். ஒரு சந்தின் முனையில் சிவப்பு வளையம் போட்ட வெள்ளை வட்டப் பலகை. அதற்குப் பக்கத்தில் மின்னெழுத்தில் இரண்டு சொல்: "வார்கோ ஆத்திவோ". கம்பத்தின் மேல் ஒரு கேமரா. மைத்துனரின் மனைவி அதைப் படித்துவிட்டு, "வாசல் ஆக்டிவ்னு போட்டிருக்கு, போகலாம் போலிருக்கு" என்றார். போனோம். விடுதியைத் தாண்டிவிட்டதால் சுற்றிக்கொண்டு இன்னொரு வாசல் வழியாகத் திரும்பவும் உள்ளே வந்தோம். எங்களை யாரும் நிறுத்தவில்லை.

ஊருக்குத் திரும்பி நான்கு மாதம் ஆன பிறகு, கிரெடிட் கார்டில் இரண்டு சின்னத் தொகைகள் கழிந்திருந்தன. வாடகைக் கார் கம்பெனி எங்கள் முகவரியைப் போலீசுக்குக் கொடுத்ததற்கான கட்டணம் அது. கொஞ்ச நாளில் இத்தாலியிலிருந்து பதிவுத் தபாலில் இரண்டு கடிதங்கள். இரண்டு வாசலுக்கு இரண்டு அபராதம், ஒவ்வொன்றும் நூறு யூரோவை ஒட்டி. அந்த மின்னெழுத்துக்கு உண்மையான பொருள், வாசலில் தடை இப்போது அமலில் இருக்கிறது என்பது. நாங்கள் நேர் எதிராகப் படித்திருக்கிறோம்.

தவறு எங்களுடையதுதான். அந்தச் சட்டத்தின் மேல் எனக்கு மரியாதைகூட உண்டு. இத்தாலியின் பழைய நகரங்களின் நடுப்பகுதிகளை இப்படி மூடி வைத்திருக்கிறார்கள். செட்-டி-எல் என்பார்கள், கட்டுப்படுத்தப்பட்ட போக்குவரத்துப் பகுதி என்று அர்த்தம். பல நூறு வருஷத்துக்கு முன்னால் போட்ட தெருக்கள் அவை. நடப்பதற்கும் குதிரைக்கும் போட்டது. கார்களை உள்ளே விட்டால் அந்த ஊர் ஊராக இருக்காது. ஆனால் வெளியூர்க்காரருக்கு இது தெரிய வேண்டுமே! வெளிநாட்டில் வசிப்பவருக்கு நோட்டீஸ் அனுப்ப அங்கே 360 நாள் அவகாசம் உண்டு. பயணத்தையே மறந்திருப்பீர்கள், அப்போது கடிதம் வரும். ஒரு விஷயம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தடைப் பகுதிக்குள் அறை எடுத்திருந்தால், கார் எண்ணை விடுதியில் முன்கூட்டியே சொல்லுங்கள். பல ஊர்களில் அவர்கள் அதைப் பதிவுசெய்து அனுமதி வாங்கித் தருவார்கள். எங்களுக்கு அன்று இது தெரியாது.

அப்புறம் வெனிஸ். அந்த ஊரில் கார் ஓடத் தெருவே கிடையாது. கடல்மேல் பாலத்தைத் தாண்டி, பியாத்சாலே ரோமா என்கிற இடத்தோடு கார் நிற்க வேண்டியதுதான். இரண்டு ராத்திரி எங்கள் கார் அங்கே அடுக்குமாடி நிறுத்தத்தில் தூங்கியது. காருக்கும் வாடகை, அது தூங்கிய இடத்துக்கும் வாடகை.

நான்கு வருஷம் கழித்து அதே ஊர்களுக்கு நானும் மனைவியும் ரயிலில் போனோம். ரோமிலிருந்து புளோரன்ஸுக்குச் சாலையில் சுமார் 275 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து வெனிஸ் இரண்டு மணி நேரம் சொச்சம். ஆனால் நான் சொல்ல வருவது வேகம் இல்லை. ரயில் உங்களை எங்கே இறக்கிவிடுகிறது என்பதுதான். புளோரன்ஸில் சாந்தா மரியா நொவெல்லா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால், அதே பெயருள்ள தேவாலயத்தின் பின்பக்கம் எதிரே தெரியும். ஊரின் தலைமைத் தேவாலயத்தின் பெரிய கோபுரத்துக்குப் பத்து நிமிஷ நடை. வெனிஸ் இன்னும் அழகு. 1846-ல் கட்டிய பாலத்தில் ரயில் மெதுவாகப் போகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர். பக்கத்திலேயே 1933-ல் வந்த கார் பாலம். சாந்தா லூச்சியா ஸ்டேஷன் கதவைத் தாண்டினால் படிக்கட்டு, படிக்கட்டுக்குக் கீழே பெரிய கால்வாய், எதிர்க்கரையில் பச்சைக் கூரை போட்ட ஒரு தேவாலயம். என் மனைவி பெட்டியைப் படியில் சாய்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போன தடவை அதே பாலத்தைக் காரில் கடந்தபோது நாங்கள் நான்கு பேரும் பார்க்கிங் பலகையைத்தான் தேடிக்கொண்டிருந்தோம்.

அதற்காகக் காரே வேண்டாம் என்று சொல்லவில்லை. புளோரன்ஸைத் தலைநகராகக் கொண்ட தஸ்கனி மாகாணத்தில் பியென்சா, மொந்தால்சீனோ என்று குன்றின் மேல் சின்னச் சின்ன ஊர்கள். ஸ்டேஷன் ஊரோடு ஒட்டி இருக்காது, பஸ்ஸும் குறைவு. நடுவில் கோதுமை வயல், வரிசையாக சைப்ரஸ் மரம், ஆளில்லாத சாலை. அங்கே கார் இல்லாமல் போனால் பாதி நாள் பஸ்ஸுக்குக் காத்திருப்பதிலேயே போய்விடும். அதனால் என் யோசனை இது. புளோரன்ஸை நடந்தே பார்த்து முடியுங்கள். பிறகு டிராம் ஏறினால் இருபது நிமிஷத்தில் விமான நிலையம். அங்கே கார் எடுத்தால் பழைய நகரத்துக்குள் நுழையாமல் வெளியே போய்விடலாம். இரண்டு நாள் சுற்றிவிட்டு அங்கேயே கொடுத்துவிட்டு, வெனிஸுக்கு ரயில் ஏறுங்கள். ஊர் விட்டு ஊர் போக ரயில், கிராமப்புறம் சுற்றக் கார்.

கார் எடுப்பவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியைக் கிளம்புவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். நம் லைசென்ஸ் மட்டும் அங்கே போதாது. முன்பணத்துக்குப் பெரும்பாலும் ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் பதிவுசெய்யும்போதே கேளுங்கள், அங்கே கியர் வண்டிதான் அதிகம்.

செலவுக் கணக்கையும் விரிவாகச் சொல்லத்தான் குறிப்பு எடுத்து வந்தேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம்தான் இருக்கிறதாம். சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கு பேர் என்றால் காகிதத்தில் கார் மலிவாகத் தெரியும். டோல், பெட்ரோல், பார்க்கிங், காப்பீடு இவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். அதிவேக ரயிலில் டிக்கெட் விலை, நாள் நெருங்க நெருங்க ஏறும். இரண்டு மாதம் முன்பே எடுத்தால் பாதிக்கும் குறைவாகக் கிடைப்பதுண்டு. 2012 முதல் அரசு ரயில்வேயின் அதிவேக ரயிலான ஃப்ரெச்சாரோஸாவுக்குப் போட்டியாக இத்தாலோ என்று தனியார் ரயிலும் ஓடுகிறது, இரண்டு விலையையும் பாருங்கள். சாதாரண உள்ளூர் ரயிலுக்கு அவசரமே வேண்டாம். அதற்கு என்றைக்கு எடுத்தாலும் ஒரே விலைதான். ஆனால் காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்தில் இருக்கும் சின்ன மெஷினில் செருகி முத்திரை குத்திக்கொள்ளுங்கள். மறந்தால் அதற்கும் அபராதம் உண்டு. பெட்டி ஆளுக்கு ஒன்று, நீங்களே தூக்கிப் படியேறும் எடையில் இருக்கட்டும்.

நேரம் முடிந்துவிட்டது. நன்றி, வணக்கம்.