கரிமூட்டப் புகையும் லெட்-7 என்ற கடிவாளமும்

[காட்சி: சாயல்குடிப் பக்கம் ஒரு கரிமூட்டம். மண் பூச்சின் வெடிப்புகளில் வெண்புகை கசிகிறது.]

வணக்கம். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசித் தீ வைத்துவிட்டால் மூட்டம் நாட்கணக்கில் புகையும். வெடிப்பு வழியாகக் காற்று புகுந்தால் கரி சாம்பலாகிவிடும். அதனால் ஆள் பக்கத்திலேயே நின்று அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் புகை முழுவதும் அவர் நெஞ்சுக்குள்தான் போகிறது. நுரையீரல் புற்றுநோய்க்கு முதல் காரணம் பீடியும் சிகரெட்டும்தான். ஆனால் புகைபிடிக்காதவர்களுக்கும் அது வருகிறது. விறகுப் புகைமீதும் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு.

[காட்சி: செல்லின் வரைபடம்.]

இந்தப் புற்றுநோயில் செல்லுக்குள் என்ன கெடுகிறது? அதைப் புரிந்துகொள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற சிறு துண்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். மரபணுவின் செய்தியைத் தூது ஆர்.என்.ஏ. எடுத்து வருகிறது, அதன்படி புரதம் உருவாகிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ. சுமார் 22 மரபு எழுத்து நீளமே உள்ள துண்டு. தூது ஆர்.என்.ஏ.வின் வால்பகுதியில் ஒட்டிக்கொண்டு புரத உற்பத்தியைக் குறைத்துவிடும். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவில் இதை 1993-இல் கண்டறிந்து வெளியிட்ட விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவரும் 2024-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அற்பப் புழுதானே என்று ஒதுக்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அதே புழுவில் பிறகு கிடைத்தது லெட்-7 என்ற இன்னொரு மைக்ரோ ஆர்.என்.ஏ. நம் உடலிலும் இருக்கிறது. 'பெருகு' என்று செல்லுக்குக் கட்டளையிடும் ராஸ் புரதத்துக்கு இதுதான் கடிவாளம். நுரையீரல் புற்றுக்கட்டிகள் பலவற்றில் லெட்-7 குறைந்திருக்கிறது. ராஸ் தறிகெட்டு ஓடுகிறது. லெட்-7 மிகவும் குறைந்த நோயாளிகள் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வாழ்ந்த காலமும் குறைவு என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004-இல் எழுதினார்கள். மிர்-21 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. இதற்கு நேர்மாறு. அது கட்டிகளில் மிகுந்து, புற்றைத் தடுக்கும் பீட்டென் புரதத்தை அமுக்குகிறது.

[காட்சி: இரத்த மாதிரிக் குழாய்.]

மைக்ரோ ஆர்.என்.ஏ. இரத்தத்தில் எளிதில் சிதையாது. ஆகவே ஒரு குழாய் இரத்தத்தில் நோயை முன்கூட்டியே பிடிக்கலாம் என்ற நம்பிக்கை வலுவாக இருக்கிறது. வழக்கமான பரிசோதனையாக அது இன்னும் வரவில்லை. மருந்தாக்கும் முயற்சியும் எளிதாக இல்லை. மிர்-34 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. அடிப்படையிலான புற்றுநோய் மருந்தின் சோதனை, நோயெதிர்ப்பு மண்டலத்தில் கடும் பக்கவிளைவுகள் வந்ததால் 2016-இல் நிறுத்தப்பட்டது.

[காட்சி: அரசு மருத்துவமனை வரிசை.]

இப்போதைக்கு நம் கையில் இருப்பது ஸ்கேனும் திசுப் பரிசோதனையும்தான். நீண்ட இருமல் என்றால் நம் ஊரில் முதலில் காசநோயைத்தான் நினைப்போம். சளிப் பரிசோதனை அவசியம், அரசு மருத்துவமனையில் இலவசம். காசநோய் இல்லை என்று முடிவு வந்தும் இருமல் நிற்கவில்லையா? சளியில் இரத்தம் வருகிறதா? சி.டி. ஸ்கேன் தேவையா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.