குழாயைத் திறக்கும் முன் டப்பாவைத் தேடுங்கள்

வணக்கம் நேயர்களே. கோல்ஃப் மைதானத்துப் புல்லில் களைக்கொல்லி தவறிப் பட்டால் என்ன செய்வது என்று பேசப் போகிறேன் என்றதும் ரேடியோவை அணைத்துவிட வேண்டாம். பருத்தி போட்ட யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்குத் தெரிந்த கதைதான். நெல்லுக்கோ கரும்புக்கோ 2,4-டி என்ற களைக்கொல்லியை அடித்த தெளிப்பானை ஒப்புக்கு ஒரு தரம் அலசுவார்கள். மறுநாள் அதே தெளிப்பானில் பூச்சி மருந்தைக் கலந்து பருத்திக்கு அடிப்பார்கள். சில நாளில் கொழுந்து இலையெல்லாம் குறுகி, விரல் விரலாக நீண்டு, நரம்பு நெருங்கி நிற்கும். உடனே மருந்துக்கடைக்காரரிடம் சண்டை. கடைக்காரர் கொடுத்த மருந்தில் குற்றம் இருக்காது. டேங்கின் அடியிலும் ரப்பர் குழாயிலும் தங்கியிருந்த மிச்சம் செய்த வேலை அது.

கோல்ஃப் மைதானத்திலும் இதேதான் நடக்கிறது. கொடைக்கானல் மைதானமாக இருக்கட்டும், கோவை மைதானமாக இருக்கட்டும், எல்லாவற்றிலும் உயிர்நிலை கிரீன்தான். குழியும் கொடியும் இருக்கிற அந்த மெத்துமெத்தென்ற திட்டு. சுமார் 500 சதுர மீட்டர், கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். அங்கே புல்லை மூன்று நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்கு நாள்தோறும் வெட்டுகிறார்கள். சமவெளி மைதானங்களில் அந்தப் புல் பெரும்பாலும் நம் அருகம்புல்லின் உறவுதான். அருகம்புல்லையும் ஆப்பிரிக்க இனம் ஒன்றையும் கலந்த கலப்பினம். அதில் பேர்போன டிஃப்டுவார்ஃப் 1965இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வெளியானது. விதை பிடிக்காது. தண்டை வெட்டி நட்டால்தான் உண்டு. இதை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

வயலோரத்து அருகு லேசில் சாகாது என்று நமக்குத் தெரியும். "அருகுபோல் வேரூன்றி" என்று வாழ்த்துகிற ஊர் இது. ஆனால் தினமும் ஒட்ட வெட்டுப்படுகிற அருகுக்குக் கையிருப்பு குறைவு. இலை இருந்தால்தானே உணவு சேரும்? அதனால் வயல் அருகு ஒரு தும்மலோடு தாண்டிவிடுகிற மருந்துக்குக் கிரீன் படுத்துவிடும்.

ஒருமுறை ஒரு மைதானத்தில் இருந்து என்னைக் கூப்பிட்டார்கள். எந்த மைதானம் என்பது வேண்டாம். கிரீனில் காலடித் தடங்கள். சேற்றுத் தடம் இல்லை, செத்த புல்லின் தடம். பழுப்பு நிறத்தில் ஒவ்வோர் அடியும் அச்சடித்த மாதிரி. ஒரு வாரம் முன்பு பக்கத்துப் புதர் ஓரத்தில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடித்திருக்கிறார்கள். அடித்தவர் வயதான ஒரு தொழிலாளி. மேற்பார்வையாளர் அவரை வேலையை விட்டே நிறுத்துவதாக முடிவு செய்துவிட்டார். நான் போனபோது பெரியவர் கிரீனுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். "ஐயா, மருந்தடிச்ச பூட்ஸைப் புதர் ஓரத்துலயே கழட்டிப் போட்டுருவேன். கிரீன்ல நான் வெறுங்காலோடதான் ஏறுவேன். வெறுங்கால்னா அஞ்சு விரல் தெரியணுமில்ல, நீங்களே பாருங்க" என்றார்.

பார்த்தேன். விரல் இல்லை. குதிகால் தனி, முன்பாதம் தனி. செருப்பும் இல்லை, பூட்ஸ். சரி, யாருடைய பூட்ஸ்? தடம் எங்கே கருமையாக இருக்கிறது, எங்கே மங்குகிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். காலில் மருந்து ஈரம் நிறைய இருக்கும்போது வைத்த அடி நன்றாகச் செத்திருக்கும். போகப் போக ஈரம் குறையும், தடமும் வெளிறும். தடம் தொடங்கியது புதருக்குள். அங்கிருந்து கிரீனில் ஏறி, ஓரிடத்தில் இரண்டு காலும் சேர்ந்து நிற்கிறது. பிறகு குழிக்குப் போகிறது. குழியைச் சுற்றி ஒரு வட்டம். பிறகு அடுத்த ஆட்டம் தொடங்கும் இடத்தை நோக்கி வெளிறிக்கொண்டே போய் மறைகிறது. தொழிலாளி எதற்குக் குழியைச் சுற்ற வேண்டும்? பந்தைப் புதருக்குள் அடித்துவிட்டு, தேடி எடுத்து, ஆடி முடித்துவிட்டுப் போன ஓர் உறுப்பினருடைய கால் அது. மருந்தடித்த இடம் காயும்வரை கயிறு கட்டி, ஒரு சிவப்புத் துணி தொங்கவிட்டிருக்க வேண்டும். அது மேற்பார்வையாளரின் வேலை. பெரியவர் வேலையில் தொடர்ந்தார். அந்த உறுப்பினர் யார் என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை, அது வேறு விஷயம்.

இந்தக் கதையை நான் போகிற இடமெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. செத்த புல்லின் வடிவமே பாதி விவரத்தைச் சொல்லிவிடும். கோடு கோடாக இருந்தால் தெளிப்பான் போன வழி. இரண்டு இணைகோடு என்றால் வெட்டு எந்திரத்தின் சக்கரம் ஏந்தி வந்தது. சரிவில் வழிந்த மாதிரி இருந்தால் மழைத் தண்ணீர் இழுத்து வந்தது. ஒரு பக்கம் அதிகம், மறுபக்கம் போகப் போகக் குறைவு என்றால் காற்று.

இப்போது முக்கியமானது. தவறு நடந்துவிட்டது என்று தெரிந்ததும் எல்லாரும் செய்கிற முதல் காரியம் என்ன? தண்ணீர்க் குழாயைத் திறப்பது. தயவுசெய்து, எந்த மருந்து என்று தெரியாமல் குழாயைத் திறக்காதீர்கள். முதலில் டப்பாவைத் தேடுங்கள். குப்பையில் கிடந்தாலும் எடுத்து லேபிளைப் படியுங்கள்.

கிளைபோசேட் இலை வழியாக உள்ளே போகிற மருந்து. பட்ட சில நிமிடத்தில், இலை காய்வதற்குள் ஏராளமாகத் தண்ணீர் விட்டு அலசினால் புல் தப்பலாம். மண்ணில் விழுந்தது மண்துகளோடு ஒட்டிக்கொள்ளும், வேருக்குப் பெரிதாகத் தொந்தரவு தராது. ஆனால் உள்ளே போய்விட்டதென்றால் நான்கு நாள், ஒரு வாரம் ஒன்றுமே தெரியாது. "ஒன்றும் ஆகவில்லை" என்று நிம்மதியாக இருக்கும்போதுதான் மஞ்சள் விழும். பாராகுவாட் என்ற களைக்கொல்லி அப்படி இல்லை, ஒரே நாளில் வெயிலில் கருக்கிவிடும். பார்க்கப் பயங்கரம். ஆனால் பட்ட இலையோடு சரி, அடியில் இருந்து அருகு துளிர்க்கும். பார்வைக்கு மோசமானது பல நேரம் லேசானது.

இன்னொரு வகை இருக்கிறது. அட்ரசின் மாதிரி மண்ணில் தங்கி வேர் வழியாக ஏறுகிறவை. மக்காச்சோளம் போடுகிறவர்களுக்கு அட்ரசின் தெரியும். இதற்குப் போய்க் குழாயைத் திறந்தால் நீங்களே மருந்தை வேருக்கு ஊட்டிவிடுகிறீர்கள். கிரீனுக்கு அடியில் பெரும்பாலும் மணல், தண்ணீரோடு மருந்தும் சட்டென்று இறங்கிவிடும். அங்கே தண்ணீர் காப்பாற்றும், இங்கே தண்ணீர் கொல்லும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், டப்பா, டப்பா.

மண்ணில் தங்குகிறவற்றுக்குக் கைகொடுப்பது ஆக்டிவேட்டட் கார்பன். தண்ணீர் ஃபில்டருக்குள் இருக்கிறதே, அதே கரி. காங்கேயம் பக்கம் கொட்டாங்குச்சியில் இருந்து தயாராகிறது. அடுப்புக்கரியைப் பொடித்துப் போட்டால் அந்த வேலை நடக்காது. கணக்கு எளிது: விழுந்த மருந்தில் உண்மையில் களையைக் கொல்கிற வீரியப் பொருளைப் போல 200 மடங்கு கரி. ஹெக்டேருக்கு ஒரு கிலோ வீதம் விழுந்திருந்தால், 500 சதுர மீட்டர் கிரீனில் 50 கிராம். அதற்குப் பத்துக் கிலோ கரி. தண்ணீரில் கூழாகக் கரைத்துச் சீராக ஊற்ற வேண்டும். தூளாகத் தூவினால் காற்றோடு போய்விடும், மூக்கிலும் ஏறும். ஆர்சனிக் சேர்ந்த பழைய களைக்கொல்லிகளைக் கரி பிடிக்காது, போட்டுப் பயனில்லை.

கரியும் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடாது. அமெரிக்காவில் ஆபர்ன் பல்கலைக்கழக ஊரில், டூமர்ஸ் கார்னர் என்ற இடத்தில் இரண்டு பெரிய ஓக் மரங்கள் இருந்தன. 2010 இறுதியில் எதிரணி ரசிகர் ஒருவர், அமெரிக்கக் கால்பந்து ஆத்திரத்தில், டெபுதியூரான் என்ற மண்ணில் நெடுநாள் தங்கும் களைக்கொல்லியை அவற்றின் அடியில் ஊற்றினார். எப்படித் தெரிந்தது தெரியுமா? 2011 ஜனவரியில் அவரே ஒரு வானொலி நிகழ்ச்சிக்குப் போன் செய்து பெருமையாகச் சொன்னார்! நேயர் அழைப்பால் துப்புத் துலங்கியது. மண்ணைத் தோண்டி மாற்றினார்கள், கரி போட்டார்கள். ஆனால் அதற்குள் வாரக்கணக்கில் வேர் குடித்திருந்தது. 2013 ஏப்ரலில் மரங்களை வெட்டினார்கள். முதல் நாளே கரி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவ்வப்போது யோசிப்பேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம். மறுநடவு பற்றி நிறைய வைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

நடுவதற்கு முன் சோதனை. கிரீன் மண்ணில் இருந்து ஒரு தொட்டி, மருந்து படாத மண்ணில் ஒரு தொட்டி. இரண்டிலும் கேழ்வரகும் வெள்ளரியும் விதையுங்கள். ஊரில் முளைப்பாரி போடுகிற மாதிரிதான். மூன்று வாரம் பாருங்கள். இரண்டும் ஒரேபோல் வளர்ந்தால் நடலாம். ஒன்று வெளுத்தால் பொறுத்திருங்கள். யூரியாவை அள்ளிப் போட்டு எழுப்பப் பார்க்காதீர்கள். வேர் வேலை செய்யாதபோது அது இன்னொரு சுமை. வெட்டும் உயரத்தைக் கூட்டுங்கள், ஆட்டத்தைத் தற்காலிகக் கிரீனுக்கு மாற்றுங்கள். முன்பே சொன்னேனே, விதை கிடையாது. அதனால் மைதானத்துக்குள் ஒரு மூலையில் அதே புல்லின் நாற்றங்கால் இருக்க வேண்டும். இல்லாதவர்கள் வெளியூரில் இருந்து வாங்கி வந்து, நிறம் ஒட்டாமல் ஒட்டுப்போட்ட கிரீனில்தான் ஆட வேண்டியிருக்கும்.

தெளிப்பான்... களைக்கொல்லிக்குத் தனி, மற்றதற்குத் தனி. விலையைப் பார்க்காதீர்கள். கோரைக்கு அடிக்கிற ஹாலோசல்ஃபியூரான் ஏக்கருக்கு 40 கிராம்கூட ஆகாது. அப்படியென்றால் டேங்க் ஓரத்து மிச்சமே எவ்வளவு வேலை செய்யும்! ஒரே தெளிப்பான்தான் இருக்கிறது என்றால், மூன்று தரம் அலசி, அம்மோனியா கலந்த தண்ணீரை நிரப்பி ஓர் இரவு வையுங்கள். நாசிலையும் வடிகட்டியையும் கழற்றித் தனியாக ஊற வையுங்கள், அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். குழாய் பழையதென்றால் மாற்றிவிடுங்கள். சிவப்பு விளக்கு எரிகிறது. நன்றி, வணக்கம்.