நாற்காலிக்கு வந்த வழி

(தலைமையாசிரியர் பொறுப்புக்குத் தயாராகும் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

ஒரு நகரத்தின் அத்தனை அரசுப் பள்ளிகளையும் யார் கையில் ஒப்படைப்பது? 2002இல் நியூயார்க் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் இதற்குச் சொன்ன பதில் பலரைத் திடுக்கிட வைத்தது. பத்து லட்சத்துக்கும் மேல் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு ஜோயல் கிளைன் என்ற வழக்கறிஞரைத் தலைவராக்கினார். மைக்ரோசாஃப்ட் மீது அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கை முன்னின்று நடத்தியவர் கிளைன். மாநிலம் கேட்கும் கல்வி நிர்வாகச் சான்றிதழ் அவரிடம் இல்லை. விதிவிலக்கு வாங்கித்தான் உட்கார வைத்தார்கள். எட்டு ஆண்டுக்கு மேல் இருந்தார். அடுத்து அதேபோல் விதிவிலக்கோடு வந்தவர் கேத்தி பிளாக் என்ற பத்திரிகை நிறுவன நிர்வாகி. 2011 ஜனவரியில் பொறுப்பேற்றார், ஏப்ரலில் விலகினார். 2014இல் வேறொரு மேயர் அதே நாற்காலியில் கார்மென் ஃபரீன்யாவை அமர்த்தினார். புரூக்ளினில் வகுப்பாசிரியர், மன்ஹாட்டனில் பள்ளி முதல்வர், வட்டாரக் கண்காணிப்பாளர் என்று படிப்படியாக ஏறி, ஓய்வும் பெற்றுவிட்ட அம்மையார் அவர்.

ஒருவர் எந்த வழியாக வந்தார் என்பதைப் பொறுத்துத்தான் அவர் கண்ணில் எது படும், எது படாமல் போகும் என்பது அமைகிறது. இதை நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அதோடு முடிந்துவிடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, வகுப்பறையின் குரல் தன் காதில் விழ அவர் என்ன ஏற்பாடு செய்து வைக்கிறார்? இன்று நான் பேச வந்தது அந்த ஏற்பாட்டைப் பற்றி.

வெளியிலிருந்து வந்தவர்களால் பயனில்லை என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் ஹோரஸ் மேனுக்கு அநியாயம் செய்தவனாவேன். வழக்கறிஞர், அரசியல்வாதி, மாசசூசெட்ஸ் மாநில செனட்டின் தலைவர். 1837இல் அதையெல்லாம் விட்டுவிட்டு, புதிதாக அமைந்த மாநிலக் கல்வி வாரியத்தின் செயலாளர் பதவியை ஏற்றார். எல்லாப் பிள்ளைக்கும் பொதுப் பணத்தில் பள்ளி வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1839இல் லெக்சிங்டனில் அரசின் முதல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி திறந்ததில் அவர் பங்கு பெரிது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்பதை உரக்கச் சொன்னவர் ஆசிரியத் தொழிலில் வளர்ந்தவர் அல்லர். அமைப்பைக் கட்ட இப்படிப்பட்டவர்கள் வேண்டும். கட்டிய அமைப்புக்குள் நாள்தோறும் என்ன நடக்கிறது என்று அறிய வேறு பழக்கம் வேண்டும்.

அந்தப் பழக்கம் என்னவென்று எல்லா ஃபிளாக் யங் (Ella Flagg Young) என்ற அம்மையாரைப் பார்த்தால் தெரியும். இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1845இல் பிறந்தவர். சிகாகோவில் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தபோது அவருடைய அம்மாவே தடுத்தார். உனக்குச் சின்னக் குழந்தைகளோடு பழக்கமில்லை, அவர்கள் மனசு உனக்குப் புரியாது, நீ நல்ல ஆசிரியராக மாட்டாய் என்பது அம்மாவின் கவலை. பெண் சண்டை போடவில்லை. ஒரு வகுப்பறைக்கு வாரந்தோறும் போய் உட்கார்ந்து, பாடம் நடப்பதையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கு இது வருமா என்று தானே சோதித்துப் பார்த்த பிறகே தொழிலுக்கு வந்தார். 1862இல் வேலையில் சேர்ந்தபோது வயது 17. பிற்காலத்தில் என்னென்னவோ பதவிகள் வந்தன. இந்த உட்கார்ந்து பார்க்கும் பழக்கத்தைத்தான் நான் அவருடைய முதல் தகுதி என்பேன்.

ஆசிரியர், பயிற்சிப் பள்ளியின் முதல்வர், பெரிய பள்ளிகளின் முதல்வர், 1887இல் உதவிக் கண்காணிப்பாளர். அதுவரை ஏற்றம்தான். 1890களின் இறுதியில் நகரப் பள்ளிகளின் தலைவராக, அதாவது கண்காணிப்பாளராக, புதிதாக வந்தவர் அதிகாரத்தையெல்லாம் தன் மேசைக்கே இழுத்துக்கொண்டார். கீழே இருப்பவர்கள் சொன்னதைச் செய்தால் போதும் என்ற நிலை. 1899இல் யங் வேலையை உதறினார். ஐம்பது வயது தாண்டியவர், முப்பத்தேழு ஆண்டு அனுபவம் உள்ளவர், சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் டூயியிடம் மாணவியாகப் போய் உட்கார்ந்தார். 1900இல் முனைவர் பட்டம். ஆய்வின் பொருள் பள்ளிக்குள் நிலவும் தனிமை. திட்டமிடுவது மேலிடம், நிறைவேற்றுவது ஆசிரியர் என்று ஆகிவிட்டால், யோசிக்கும் வேலை ஆசிரியரிடமிருந்து பறிபோய்விடுகிறது. யோசிக்க அனுமதி இல்லாத ஆசிரியர் பிள்ளைகளுக்கு யோசிக்கக் கற்றுத்தர முடியாது. இதுதான் அவர் வாதம். நூற்றிருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. இன்றும் எந்தப் பள்ளியின் ஆசிரியர் ஓய்வறையில் போய்ச் சொன்னாலும் தலையாட்டுவார்கள்.

டூயி எத்தனை பெரிய தத்துவ அறிஞர் என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளி விஷயத்தில் தான் சந்தித்தவர்களிலேயே அறிவில் சிறந்தவர் இந்த மாணவிதான் என்று கருதினார் அவர். தன் கருத்துகள் வகுப்பறைக்குள் வந்தால் என்ன ஆகும் என்பதை இவரிடமிருந்தே தெரிந்துகொண்டார்.

1909இல், 64ஆம் வயதில், யங் சிகாகோ நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளரானார். அமெரிக்காவின் ஒரு பெருநகரப் பள்ளி நிர்வாகத்துக்குத் தலைவரான முதல் பெண். மறு ஆண்டு தேசியக் கல்விச் சங்கத்தின் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பள்ளி நேரத்திலேயே ஆசிரியர்கள் கூடிப் பாடத்திட்டத்தையும் நிர்வாகத்தையும் விவாதிக்கும் ஆசிரியர் மன்றங்களை வளர்த்தார். ‘பள்ளி நேரத்திலேயே’ என்பதைக் கவனியுங்கள். பள்ளி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் கருத்துக் கேட்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

நகரக் கல்வி வாரியத்தோடு இடையறாத போராட்டம். 1913இல் பதவியை இழக்கும் நிலை வந்தபோது சிகாகோ பெண்கள் திரண்டு குரல் கொடுத்தார்கள், மீண்டும் அமர்ந்தார், 1915இல் ஓய்வு பெற்றார். 1924இல் வில்லியம் மெக்ஆண்ட்ரூ கண்காணிப்பாளராக வந்தார். மன்றங்கள் நிறுத்தப்பட்டன. இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: மெக்ஆண்ட்ரூவும் ஆசிரியராக இருந்தவர், பள்ளி முதல்வராக இருந்தவர். வகுப்பறையிலிருந்து வந்துவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். ஏறியதும் வந்த வழியை மறப்பவர்களும் உண்டு.

பெண்கள்தான் எல்லா நகரங்களிலும் பள்ளிகளை ஆளப்போகிறார்கள் என்று யங் பதவியேற்ற காலத்தில் நம்பிக்கையோடு சொன்னார். அமெரிக்கப் பொதுப்பள்ளி ஆசிரியர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பெண்கள். கண்காணிப்பாளர்களில் பெண்கள் இன்றும் நான்கில் ஒரு பங்கைச் சுற்றித்தான். காரணம் திறமைக் குறைவு இல்லை. கண்காணிப்பாளர் பதவிக்குப் பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளி முதல்வர்களிலிருந்து ஆள் எடுக்கிறார்கள். பெண்கள் அதிகம் இருப்பது தொடக்கப் பள்ளிகளில். ஏழு வயதுப் பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுத்தந்த அனுபவத்தைத் தலைமைக்கான அனுபவமாக எண்ணாத வழக்கத்தைப் போல அநியாயம் வேறில்லை.

வழி அடைபடுவது பற்றிப் பேசும்போது ஆன்னா ஜூலியா கூப்பரை விட்டுவிட முடியாது. 1858இல் வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்தவர். ஓபர்லின் கல்லூரியில் பட்டம் பெற்று, வாஷிங்டனில் கறுப்பினப் பிள்ளைகள் படித்த எம் ஸ்ட்ரீட் உயர்நிலைப் பள்ளிக்கு 1902இல் முதல்வரானார். இந்தப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் போதும் என்று பலர் சொல்லிக்கொண்டிருந்த காலம். இவர் லத்தீனையும் கணிதத்தையும் விடமாட்டேன் என்றார். அவருடைய மாணவர்கள் ஹார்வர்டுக்குப் போனார்கள். 1906இல் அவரை மறுபடி நியமிக்காமல் விட்டுவிட்டார்கள். வேறு மாநிலத்தில் நாலாண்டு கற்பித்துவிட்டு, 1910இல் அதே எம் ஸ்ட்ரீட் பள்ளிக்கு லத்தீன் ஆசிரியராகத் திரும்பினார். தான் தலைமை தாங்கிய கட்டடத்துக்குள் ஆசிரியராக நுழைவது எல்லாருக்கும் முடிகிற காரியமா? 1925இல், அறுபது வயதைக் கடந்து, பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் வாங்கினார். பதவி உயர்வுப் பட்டியல்களில் இவருடைய வாழ்க்கை இறக்கமாகத் தெரியும். என் கணக்கில் அப்படியில்லை.

ஒரு தனி மனிதருக்கு நேர்ந்தது பிறகு ஒரு சமூகத்துக்கே நேர்ந்தது. 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இனவாரிப் பள்ளிகள் செல்லாது என்றது. நியாயமான தீர்ப்பு. அதை நிறைவேற்றிய விதம்தான் கொடுமை. தென் மாநிலங்களில் கறுப்பினப் பள்ளிகளை மூடினார்கள், வெள்ளையர் பள்ளிகளோடு இணைத்தார்கள். அங்கிருந்த முதல்வர்களை வேலையை விட்டு அனுப்பினார்கள், அல்லது உதவியாளர்களாக இறக்கினார்கள். தலைமுறைகளாக ஊர்ப் பிள்ளைகளின் பெயரும் வீடும் அறிந்திருந்த தலைவர்கள் காணாமல் போனார்கள். அடுத்த தலைமுறை ஆசிரியருக்கு அண்ணாந்து பார்க்க முன்னால் ஆளில்லை.

பெயர் என்றதும் லியனார்ட் கொவெல்லோ நினைவுக்கு வருகிறார். தெற்கு இத்தாலியின் அவிலியானோ ஊரில் 1887இல் பிறந்து, சிறுவனாக நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமுக்கு வந்தவர். குடும்பப் பெயர் கொவியெல்லோ. பள்ளியில் ஆசிரியருக்கு உச்சரிக்க வரவில்லை, ஓர் எழுத்தைத் தூக்கிவிட்டார். மதிப்பெண் அட்டையைக் கையெழுத்துக்காக வீட்டுக்குக் கொண்டுபோனபோது, இது யார் பெயர் என்று அப்பா கேட்டார். வீட்டில் பெரிய வாக்குவாதம். பையனோ பள்ளியின் பக்கம் பேசினான். அம்மா அப்பாவின் மொழியைப் பற்றி வெட்கப்படப் பள்ளி தனக்குக் கற்றுத்தந்துவிட்டது என்பது அவருக்குப் பின்னாளில்தான் புரிந்தது.

1934இல் அதே கிழக்கு ஹார்லெமில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் உயர்நிலைப் பள்ளியின் முதல்வரானார். 1956 வரை அங்கேயே இருந்தார். பள்ளி தெருவுக்குப் போக வேண்டும் என்பது அவர் கொள்கை. சொன்னதோடு நிற்கவில்லை, தெருவில் காலியாகக் கிடந்த கடைகளைப் பிடித்துப் பெற்றோருக்கான கூடமாக, படிப்பகமாக, ஆலோசனை இடமாக மாற்றினார். பள்ளிக் கட்டடத்துக்குள் கால் வைக்கக் கூசிய தாய்மார்கள் அந்தக் கடைகளுக்குள் வந்தார்கள். பிறகு போர்ட்டோ ரிக்கோ மக்கள் அங்கே குடியேறியபோது அவர்களுடைய மொழிக்கும் அதே மதிப்பைக் கொடுத்தார். இருபத்திரண்டு ஆண்டு ஒரே பள்ளி, ஒரே வட்டாரம். மேலே போகாததைத் தோல்வியாக எண்ணும் நம் மனப்பான்மைக்கு இவர் நல்ல மறுப்பு.

தொடக்கத்தில் சொன்ன ஃபரீன்யாவுக்கும் இதே போன்ற சிறுவயது அனுபவம். வீட்டில் ஸ்பானிய மொழி. வகுப்பில் ஆசிரியர் பெயரைத் தவறாக உச்சரித்ததால் குழந்தைக்குத் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியவில்லை, பதில் சொல்லவில்லை. வகுப்புக்குள்ளேயே உட்கார்ந்திருந்தவரை நாள்கணக்கில் வரவில்லை என்று குறித்துவந்தார்கள். வருகைப்பதிவேட்டில் தொலைந்துபோன குழந்தை, நகரத்தின் எல்லா வருகைப்பதிவேட்டுக்கும் பொறுப்பாளரானார்.

கடைசியாக ஒருவர். டெபரா மையர், மழலையர் வகுப்பாசிரியராகத் தொடங்கியவர். 1974இல், கொவெல்லோ உழைத்த அதே கிழக்கு ஹார்லெமில், சென்ட்ரல் பார்க் ஈஸ்ட் என்ற சிறிய அரசுத் தொடக்கப் பள்ளியை ஆரம்பித்தார். 1985இல் உயர்நிலைப் பள்ளியும் வந்தது. எந்தப் பாடமானாலும் மாணவர் கேட்க வேண்டியவை ஐந்து: இது எப்படித் தெரியும், யாருடைய பார்வை, எதோடு தொடர்பு, வேறு மாதிரி இருந்தால் என்ன ஆகும், யாருக்கு இதனால் என்ன. பள்ளி சிறியதாக இருந்தால்தான் ஆசிரியர்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுக்க முடியும் என்றார் மையர். கூடிப் பேச நேரம் எங்கே? வாரத்தில் சில மணி நேரம் மாணவர்கள் சமூக சேவைக்கு வெளியே போனார்கள். அந்த நேரத்தில் ஆசிரியர்கள் கூடினார்கள். கூடுதல் பணம் இல்லை, கூடுதல் ஆள் இல்லை, கால அட்டவணையில் ஒரு மாற்றம் மட்டுமே.

நண்பர்களே, நீங்கள் பொறுப்பேற்றதும் உங்கள் கைக்கு வரும் முதல் வேலை அந்தக் கால அட்டவணைதான். பாடங்களை நிரப்பிவிட்டு மிச்சம் இருந்தால் ஆசிரியர் கூட்டம் என்று வைக்காதீர்கள். மிச்சம் இருக்கவே இருக்காது. ஆசிரியர்கள் கூடும் பாடவேளையையும், நீங்களே ஒரு வகுப்புக்குப் போய்ப் பாடம் நடத்தும் பாடவேளையையும் முதலில் பேனாவால் குறித்துவிட்டு, மற்றதைப் பிறகு நிரப்புங்கள். அந்த நேரத்தில் கூட்டத்துக்கு வரச்சொல்லி மேலிடத்திலிருந்து அழைப்பு வந்தால், வகுப்பில் இருக்கிறேன், முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லுங்கள்.