தோலைக் கழற்றி வைத்தவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

‘நடு சென்டர்ல நிக்காதே’ என்று பேச்சுவாக்கில் சொல்கிறோம். நடு என்றாலும் சென்டர் என்றாலும் ஒன்றுதான். பிரெஞ்சுக்காரர்களிடமும் இப்படி ஒரு சொல் உண்டு. இரவில் ஓநாயாகி அலையும் மனிதனை அவர்கள் ‘லூ கரூ’ என்பார்கள். ‘லூ’ என்றால் ஓநாய். ‘கரூ’ என்பதோ ‘ஆள்-ஓநாய்’ என்ற பழைய ஜெர்மானியச் சொல் தேய்ந்துபோன வடிவம். உள்ளே ஏற்கெனவே ஓநாய் இருப்பது மறந்துபோய், முன்னால் இன்னொன்றைச் சேர்த்துவிட்டார்கள்.

ஆங்கில ‘வேர்வுல்ஃப்’பும் அதே குடும்பம்தான். அதன் முன்பாதி பழைய ஆங்கிலத்தில் ஆண்மகனைக் குறித்தது. லத்தீனில் ‘விர்’, சமஸ்கிருதத்தில் ‘வீர’. நம் மதுரை வீரன் பெயரில் இருக்கும் அதே வீரன்தான், உறவுமுறையில், அந்த ஓநாய்க்குள்ளும் ஒளிந்திருக்கிறான். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்தச் சொல்லை அந்நியமாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

செர்பியர்களின் ‘வுகோத்லாக்’ வேறு கதை. வுக் என்றால் ஓநாய், த்லாக்கா என்றால் உரோமம். ஓநாய் மயிர் போர்த்தவன் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ஸ்லாவியச் சொல் தெற்கே கிரேக்கத்துக்குப் போய் ‘வ்ரிகோலாகஸ்’ ஆனது. அங்கே அதற்குப் பொருள் கல்லறையிலிருந்து எழுந்து வரும் பிணம்! ஓநாய் எங்கோ வழியிலேயே இறங்கிக்கொண்டது. ருமேனியாவில் ‘வர்கோலாக்’ நிலவைக் கடித்துத் தின்னும். கிரகணம் அதனால்தான் என்பார்கள். நமக்கு ராகு, அவர்களுக்கு அது.

ஆகவே இவை எல்லாவற்றையும் ‘உருமாறி’ என்று ஒரே சொல்லில் தமிழாக்கிவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒவ்வொரு பெயரிலும், உடம்பு என்றால் என்ன என்று அந்தந்த மக்கள் நினைத்தது இருக்கிறது. ஸ்காண்டிநேவியர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் ‘ஹம்ர்’ என்றால் தோல். உருவம் என்பதற்கும் அதே சொல். உருமாற வல்லவனை ‘ஒற்றைத் தோல்காரன் அல்லன்’ என்றார்கள். பாம்பு சட்டை உரித்தது என்று சொல்லி வளர்ந்த நமக்கு இது உடனே புரியும்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகளில் ‘செல்கி’ என்பார்கள். அந்தச் சொல்லுக்கு வெறும் கடல்நாய் என்றுதான் பொருள். பெயரில் மாயமே இல்லை. எந்தக் கடல்நாயும் கரையேறித் தோலைக் கழற்றினால் பெண்ணாக இருக்கலாம் அல்லவா! ஒருவன் அந்தத் தோலை எடுத்து ஒளித்து வைக்கிறான். போக வழியில்லாமல் அவள் அவனுக்கு மனைவியாகிறாள், பிள்ளைகள் பெறுகிறாள். ஆண்டுகள் கழித்து, கூரை இடுக்கில் அப்பா எதையோ மறைத்து வைத்திருப்பதைக் கடைசி மகள் விளையாட்டாகச் சொல்கிறாள். அன்றைக்கே அம்மா அந்தத் தோலோடு கடலுக்குப் போய்விடுகிறாள். பிள்ளைகளை விட்டுவிட்டுத்தான். கதை அவளைக் குறை சொல்வதில்லை. தோலைத் திருடியது யார் என்பது கேட்பவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

மலாயில் புலி மனிதனுக்கு ‘ஹரிமாவ் ஜாடியான்’ என்று பெயர். மலேசியத் தமிழர்கள் தினமும் கேட்கும் அதே ‘ஜாடி’, அதாவது ‘ஆகு’. பிறப்பு என்று பொருள்படும் ‘ஜாதி’ என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து போனது அது. சுமத்ராவின் கெரிஞ்சிப் பகுதியில் ‘சிந்தாக்கு’ என்பார்கள். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே நமக்கெல்லாம் இருக்கும் பள்ளம் அவனுக்கு இருக்காதாம். அதை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண வேண்டும்.

அதே சுமத்ராவில் மினாங்கபாவ் மக்கள் காட்டுக்குள் போகும்போது புலியைப் பெயர் சொல்லிப் பேசமாட்டார்கள். ‘இன்யியக்’ என்பார்கள், தாத்தா என்று பொருள். ராத்திரியில் பாம்பைப் ‘பூச்சி’ என்று சொல்லும் நம் வீடுகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நன்றி, வணக்கம்.