810 ரூபாயும் 972 ரூபாயும்

நேயர்களுக்கு வணக்கம்.

சொத்து வரியைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். சென்னையை ஒட்டியிருந்த ஒரு நகராட்சியில் பில் கலெக்டராக வேலைக்குச் சேர்ந்தவன் நான். 2011-இல் அந்த நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. நாற்காலி மேசைகளோடு நானும் இணைந்தேன். தெருமுனையில் என் சைக்கிளைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டவர்கள் சிலர் இப்போது இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். இன்று நான் வசூலுக்கு வரவில்லை. தைரியமாகக் கேட்கலாம்.

810, 972. இந்த இரண்டு எண்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு சொத்து வரியை உயர்த்தியபோது எடுத்துக்காட்டாகச் சொன்ன தொகைகள் இவை. பழைய சென்னைக்குள் 600 சதுர அடி வீட்டுக்கு அதுவரை வரி 810 ரூபாய். 2011-இல் இணைந்த புறநகர்ப் பகுதியில் அதே 600 சதுர அடிக்கு 972 ரூபாய். பாதாளச் சாக்கடையும் பூங்காவும் தெருவிளக்கும் பல தலைமுறைகளாக இருக்கிற பகுதிக்குக் குறைவு. தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்கிற பகுதிக்கு 162 ரூபாய் அதிகம்.

யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்த அநியாயம் இல்லை இது. சென்னைக்குள் வரியைக் கடைசியாகச் சீரமைத்தது 1998-இல். மற்ற நகராட்சிகளில் 2008-இல் ஒரு முறை உயர்த்தினார்கள். 2011-இல் நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என்று 42 உள்ளாட்சிகளை இணைத்து, 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சியை 426 சதுர கிலோமீட்டர் ஆக்கினார்கள். எல்லைக்கோடு மாறியது. வரிப் பேரேடு மாறவில்லை. 1998-இன் கணக்கும் 2008-இன் கணக்கும் ஒரே அலுவலக அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

இணைந்த பிறகு வந்த ஒரு மழைக்காலத்தில், கணுக்கால் தண்ணீரில் நடந்து ஒரு வீட்டுக்குப் போனேன். ஓட்டு வீடு. வாசலில் மணல் மூட்டை. ஒரு பாட்டி வெளியே வந்து, "தம்பி, முன்பு நகராட்சிக்குக் கட்டினேன், இப்போது மாநகராட்சிக்குக் கட்டுகிறேன். பெயர் பெரிதாகிவிட்டது. இந்தத் தண்ணீர் மட்டும் எந்த ஆட்சிக்கும் கட்டுப்படவில்லையே?" என்று கேட்டார். என் கையில் ரசீதுப் புத்தகம் இருந்தது, பதில் இல்லை. ஆனாலும் அவர் பணத்தைக் கொடுத்துவிட்டார். ஏன் கொடுத்தார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வரியை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு தெருவுக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஓர் அடிப்படை விகிதம் உண்டு. அது அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குக் கிடைக்கக்கூடிய மாத வாடகையின் மதிப்பு. 1998-இன் கணக்குப்படி சென்னையில் குடியிருப்புகளுக்கு மிகக் குறைந்த விகிதம் 60 காசு, மிக அதிகமான விகிதம் 2 ரூபாய் 40 காசு. அதாவது நகரத்தின் மிக உயர்ந்த தெருவில் 1,000 சதுர அடி வீட்டின் மாத வாடகை 2,400 ரூபாய் என்பது கணக்கு. 2022 வரை அதுதான் கணக்கு! அந்தத் தெருக்களில் அந்தப் பணத்துக்குக் கார் நிறுத்த இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

60 காசுக்கும் 2 ரூபாய் 40 காசுக்கும் நான்கு மடங்கு வித்தியாசம். நியாயமாகச் சொன்னால், வாடகையை மட்டும் பார்க்கிறவருக்கு இது மோசமான ஏணி இல்லை. ஏழைத் தெருவிலும் வாடகை ஏறத்தான் செய்திருக்கிறது. மனை விலையைப் பாருங்கள், அப்போதுதான் கணக்கு உதைக்கும். அடையாற்றில் ஒரு கிரவுண்டும் மணலியில் ஒரு கிரவுண்டும் என்ன விலைக்குப் போகின்றன என்பதை உங்கள் ஊர்த் தரகரிடம் கேளுங்கள். அவர் நான்கு மடங்கில் நிற்க மாட்டார். மேலும், வரி கட்டடத்தின் பரப்புக்குத்தான். வியாசர்பாடியில் ஒரு கிரவுண்டில் மாடிமேல் மாடியாக எட்டுக் குடும்பங்கள் இருந்தால் எட்டு வீட்டின் சதுர அடிக்கும் வரி. வசதியான தெருவில் ஒரு கிரவுண்டில் மாமரமும் ஒரே வீடுமாக இருந்தால் அந்த ஒரு வீட்டின் சதுர அடிக்குத்தான் வரி. போதாததற்கு, பழைய கட்டடம் என்றால் வயதுக்கேற்பத் தேய்மானக் கழிவும் உண்டு. கட்டடம் தேயும், சரி. அதன் அடியில் இருக்கிற மண்ணின் விலை தேய்ந்து நான் பார்த்ததில்லை.

'ஏழைகளுக்குச் சுமை கூடாது, ஆகவே வரியை உயர்த்தவில்லை' என்று 24 ஆண்டுகள் சொன்னார்கள். அந்த 24 ஆண்டுகளில் யாருடைய சொத்தின் மதிப்பு அதிகமாக ஏறியதோ, அவருக்குத்தான் அதிகச் சலுகை கிடைத்தது. ஓட்டு வீட்டுப் பாட்டிக்கு மிச்சமானது ஆண்டுக்குச் சில நூறு ரூபாய். பெரிய பங்களாவுக்கும் வணிக வளாகத்துக்கும் மிச்சமானது எவ்வளவு? அந்தப் பணம் வராததால் கட்டப்படாமல் போன வடிகால், பாட்டியின் தெருவில்தான் கட்டப்படாமல் போயிற்று.

2018-இல் ஒரு முறை உயர்த்தினார்கள். 2019-இல் உள்ளாட்சித் தேர்தல் நெருங்கியபோது அதை நிறுத்திவைத்து, பழைய வரிக்கே திரும்பினார்கள். 2022 பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தல் முடிந்தது; ஏப்ரலில் மீண்டும் உயர்த்தினார்கள். இரண்டு முறையும் ஆட்சியில் இருந்த கட்சிகள் வேறு. நாட்காட்டி மட்டும் ஒன்றுதான்.

2022-இன் உயர்வில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. பழைய சென்னையில் 600 சதுர அடி வரை 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 என்று வைத்தார்கள். இணைந்த பகுதிகளுக்கு அதையே 25, 50, 75, 100 என்று குறைத்தார்கள். 810-க்கு 50 சதவீதம் கூட்டுங்கள், 972-க்கு 25 சதவீதம் கூட்டுங்கள். இரண்டும் 1,215 ரூபாயில் வந்து நிற்கும். 11 ஆண்டுகள் கழித்து இரண்டு பேரேடுகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒன்றிய அரசின் 15-ஆவது நிதி ஆணையம், வரியைச் சீரமைத்தால்தான் மானியம் என்று நிபந்தனை போட்டதும் இதற்கு ஒரு காரணம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாமாகத் திருந்துவது அரிது.

ஆனால் சதுர அடியை மட்டும் பார்க்கிற கண்ணுக்கு வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்பது தெரியாது. வடசென்னையில் அண்ணன் தம்பி மூன்று பேர், அப்பா கட்டிய 1,900 சதுர அடிப் பழைய வீட்டில் மூன்று அடுப்பு வைத்து வாழ்கிறார்கள் என்று வையுங்கள். வரிப் புத்தகத்தில் அது ஒரே வீடு. 150 சதவீத உயர்வு. பாகப்பிரிவினை செய்து மூன்று வரி எண் வாங்கியிருந்தால் ஆளுக்கு 75 சதவீதத்தோடு போயிருக்கும். ஒற்றுமையாக இருந்ததற்கு அபராதம் என்று அவர்கள் சொன்னால் எனக்கு மறுக்கத் தோன்றாது.

இணைப்பால் ஒரு நன்மை உண்டு என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். முன்பு எங்கள் நகராட்சி தன் உண்டியலில் விழுந்ததைத்தான் செலவழிக்க முடியும். கடைத்தெரு இல்லாத ஊரின் உண்டியல் எப்போதும் காலி. இன்று தியாகராய நகர் ஜவுளிக் கடையின் வரியும் திருவொற்றியூர் ஓட்டு வீட்டின் வரியும் ஒரே கஜானாவில் விழுகின்றன. அந்தப் பணம் எந்த மண்டலத்தில் எவ்வளவு வசூலாகி எந்த மண்டலத்தில் எவ்வளவு செலவானது என்பதை, வரி ரசீதின் பின்பக்கத்திலேயே அச்சிட்டால் என்ன? இரண்டு வரிதான். நான் பணியில் இருந்தபோது இதை எழுதிக் கொடுத்தேன். 'பரிசீலிக்கப்படும்' என்று பதில் வந்தது. அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பாட்டி ஏன் பணம் கொடுத்தார் என்று சொல்வதாகச் சொன்னேன். அவரிடம் பட்டா இல்லை. கணவர் காலத்தில் வாங்கிய இடம். கையெழுத்துக் காகிதம் ஒன்றைத் தவிர எதுவும் இல்லை. ரேஷன் அட்டையோடு ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்திருந்த வரி ரசீதுகளை எடுத்துக் காட்டினார். ஒவ்வோர் அரையாண்டுக்கும் ஒன்று, ஒன்றுகூட விடுபடவில்லை. "நாளைக்கு யாராவது வந்து இது உன் வீடா என்று கேட்டால், இதைத்தானே தம்பி காட்ட வேண்டும்?" என்றார். நான் எழுதிக் கொடுத்த புது ரசீதைப் புடவைத் தலைப்பால் துடைத்து, ஈரம் போன பிறகே பைக்குள் வைத்தார்.

வணக்கம்.